மோரிஸ் மைனர்: ஹெட் ஸ்டட்டைக் கழற்றலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

6 ஜனவரி 2024, கிள்ளானிலிருந்து வந்த கேள்வி

"என்னிடம் 1959 மோரிஸ் மைனர் 1000 கார் இருக்கிறது. 948 சிசி. ஹெட் காஸ்கெட் (இஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள ப்ளாக்குக்கும் நடுவே வரும் தகடு) போய்விட்டது. ஹெட்டைத் தூக்கும்போதே, அதை ப்ளாக்கோடு பிடித்திருக்கும் மரைக்கம்பிகளான ஸ்டட் ஒன்பதையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார் மெக்கானிக். அறுபது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற இரும்பைக் கிளப்பி வம்பை விலைக்கு வாங்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

7 ஜனவரி 2024

தம்பி, கழற்ற வேண்டாம். மரை நன்றாக இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் போட்டு, அதையே பயன்படுத்தலாம். ப்ளாக் வார்ப்பிரும்பு. ஸ்டட் உள்ளே உடைந்தால் அதைத் துளைத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் வண்டியும் மைனர் 1000தான். பெரியப்பா நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தார், 1958-இல் வாங்கியது. 2001-இல் என் கைக்கு வந்தது. இப்போது பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் என் வீட்டு முன்னால் நிற்கிறது. அதற்கும் இதே நோய். போன மாதம் பாலிக் பூலாவ் மேட்டில் ஏறும்போது இழுவை விட்டுவிட்டது, இஞ்சின் ஒரு மாதிரி தடதடவென்று ஓடியது. வீட்டுக்கு வந்து சிலிண்டர்களின் அழுத்தம் பார்த்தேன், சதுர இன்ச்சுக்குப் பவுண்ட் கணக்கில். ஒன்றாம் சிலிண்டர் 145, இரண்டு 70, மூன்று 65, நான்கு 150. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கினால் வால்வைச் சந்தேகப்படாதீர்கள், அவற்றுக்கு நடுவில் காஸ்கெட் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த சனிக்கிழமை ஹெட்டைத் தூக்கப் போகிறேன். ஸ்டட்டைத் தொட மாட்டேன்.

9 ஜனவரி 2024

14 மில்லி சாக்கெட் போகவில்லை, 15 போட்டால் ஆடுகிறது என்று கேட்டீர்கள். போகாது. நட்டின் மரை 3/8 இன்ச், தலை 9/16 இன்ச். மில்லி கணக்கில் 14.3. பதினைந்தைப் போட்டு அழுத்தினால் நட்டின் முனைகள் உருண்டுவிடும், அப்புறம் உளிதான் வைக்க வேண்டும். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய இங்கிலீஷ் சாக்கெட் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள், ஆறு முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு முனை வேண்டாம்.

13 ஜனவரி 2024, இரவு

ஹெட் இறங்கிவிட்டது. நாள் முழுக்க ஆனது.

தண்ணீரை வடித்தது, கார்புரேட்டரைக் கழற்றியது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தள்ளிக் கட்டியது எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: ஒன்பது ஹெட் நட்டில் நான்கு, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கரின் கட்டையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ராக்கரை மட்டும் கழற்றுகிறேன் என்று அந்த நான்கைத் தளர்த்தினாலும் ஹெட்டின் பிடி போய்விடும். அதனால் தண்ணீரை வடிக்காமல் ராக்கரில் கை வைக்கவே கூடாது. தளர்த்தும்போது ஒன்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கும் வரிசைக்குத் தலைகீழாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கம் முழுசாகக் கழற்றினால் ஹெட் வளையும்.

ராக்கரைத் தள்ளும் கம்பிகளான புஷ்ராட் எட்டையும் ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையில் ஓட்டை போட்டு, எண் எழுதிக் குத்தி வைத்தேன். எந்த ராட் எந்த வால்வோடு தேய்ந்ததோ அதனோடுதான் திரும்பப் போக வேண்டும்.

முதலில் ஹெட் நகரவில்லை. ஸ்டட்டுக்கும் ஹெட் துளைக்கும் இடையே துரு அடைத்து, இரண்டும் ஒன்றாகிப் போயிருக்கிறது. கடற்காற்றும் சேர்ந்திருக்கும், இங்கிருந்து கடல் நடக்கும் தூரம்தான். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள், ஹெட்டும் ப்ளாக்கும் ஒட்டும் முகம் கீறிவிடும். மூன்று நாள் முன்பிருந்தே ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் ஊறும் எண்ணெய் விட்டு வந்தேன். இன்று பிளக்குகளைத் திரும்ப மாட்டி, நட்டுகளை நாலைந்து சுற்று தளர்த்தி விட்டுவிட்டு, இஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்றினேன். உள்ளே ஏறுகிற அழுத்தமே ஹெட்டை ஒரு நூல் தூக்கியது. அப்புறம் மரக்கட்டையை வைத்து ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி மேலே கொண்டுவந்தோம். மைத்துனர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

காஸ்கெட்டில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கரிய தடம், ஒரு சுண்டுவிரல் அகலம். செம்புத் தகடு அந்த இடத்தில் பொடிந்துபோயிருந்தது.

இன்னொன்று. தண்ணீர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்குச் சின்ன ரப்பர் குழாய் இருக்கிறதே, அதை இப்போதே புதுசாகப் போட்டுவிடுங்கள். ஹெட் மேலே ஏறிய பிறகு சாதாரணக் குழாயை அந்த இடுக்கில் நுழைக்க முடியாது, மடிப்பு மடிப்பாக வருகிற குழாயைத்தான் தேட வேண்டும்.

14 ஜனவரி 2024

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்ததும் ப்ளாக்கைத் துடைத்துவிட்டு, எஃகு அடிக்கோலைக் குறுக்கே வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கோல் ஆடியது. தட்டையாக உட்காராமல், கதவு கீலில் ஆடுவதுபோல ஒரு புள்ளியில் நின்று ஆடியது. காஸ்கெட் எரிந்த இடத்துக்குப் பக்கத்து ஸ்டட்டைச் சுற்றி இரும்பு ஒரு வளையம்போல மேலே எழும்பியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் நுனியால் தடவினால் தெரிகிறது, தோலில் கொப்புளம் எழும்பியதுபோல. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.10 மில்லி நுழைகிறது. 0.05-க்கு மேல் போனாலே எனக்குப் பயம்.

வருஷக்கணக்கில் நட்டை இறுக்க இறுக்க, ஸ்டட் தன்னைச் சுற்றியுள்ள மேல் மரையை இழுத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது. வார்ப்பிரும்பு அந்த இழுப்புக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. இந்த மேட்டின் மேல் எத்தனை புதுக் காஸ்கெட் போட்டாலும் பக்கத்தில் இறுக்கம் வராது, ஒரு வருஷத்தில் மறுபடி எரியும்.

மேட்டைத் தேய்க்க வேண்டும் என்றால் ஸ்டட் வெளியே வர வேண்டும். ஆகவே ஏழாம் தேதி நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், தம்பி. முதலில் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். ப்ளாக் தட்டையாக இருந்தால் நான் சொன்னது சரி. இல்லாவிட்டால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

15 ஜனவரி 2024

பொங்கல். வண்டியைத் தொடவில்லை. அனைவருக்கும் வாழ்த்துகள்.

20 ஜனவரி 2024

எட்டு ஸ்டட் வந்துவிட்டது. ஒன்பதாவதும் வந்தது, ஆனால் அது வேறு கதை.

முறை பழசுதான். ஸ்டட்டின் மேல் மரையில் இரண்டு நட்டு போட்டு, இரண்டு ஸ்பானரால் ஒன்றோடு ஒன்று நெருக்கிப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு கீழ் நட்டைத் திருப்பினால் ஸ்டட்டே திரும்பும். புது நட்டு வேண்டும், தேய்ந்த நட்டு நழுவிவிடும். எடுத்த எடுப்பில் கழற்றும் பக்கம் திருப்பாதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் இம்மி அளவு, பிறகு கழற்றும் பக்கம், திரும்ப இறுக்கும் பக்கம். துரு விரிசல் விடும்போது ஒரு கிறீச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் பயம் போய்விடும். சத்தமே இல்லாமல் ரப்பர்போல முறுக்கிக்கொண்டு போனால் உடனே கையை எடுங்கள், ஸ்டட் உடையப் போகிறது.

மூன்று ஸ்டட் அப்படித்தான் முறுக்கியது. ப்ளாக்கின் அந்த இடத்தைக் கேஸ் விளக்கால் கை வைக்க முடியாத அளவு சூடாக்கி, மெழுகுவத்தியை அடியில் தொட்டேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. பத்து நிமிஷம் ஆறவிட்டு மறுபடி முயன்றால் வந்துவிட்டது. தைப்பிங் அண்ணன் ஒருவர் போன வருஷம் சொல்லிக்கொடுத்தது, அவருக்கு நன்றி. விளக்கைப் பிடிப்பதற்கு முன்னால் பெட்ரோல் குழாயை அடைத்து, கார்புரேட்டரை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இப்போது ஒன்பதாவது. மேடு எழும்பிய இடத்து ஸ்டட். இரண்டு நட்டு பூட்டியதுமே விரலால் திருப்புகிற மாதிரி சுற்றியது. மேலே வரவர மரையோடு கறுப்புத் துகளும் வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் மற்ற எட்டைப்போல இல்லை. மேல் முனை 3/8 இன்ச் யு.என்.எஃப் (இன்ச் கணக்கு நுண்மரை), சரி. அடி முனை 10 மில்லி மரை! யாரோ கடைசல் பட்டறையில் சாதாரணக் கம்பியைக் கடைந்து, மேலே இன்ச் மரையும் கீழே மில்லி மரையும் போட்டிருக்கிறார்கள். ப்ளாக்கில் இருந்த 3/8 யு.என்.சி (இன்ச் கணக்கில் பெரிய மரை) மரைக்குள் 10 மில்லி டேப்பை (மரை வெட்டும் கருவி) ஓட்டி, அதில் இதை முடுக்கியிருக்கிறார்கள்.

3/8 இன்ச் என்பது 9.525 மில்லி. யு.என்.சியில் ஒரு இன்ச்சுக்கு 16 மரை, அதாவது மரைக்கு மரை 1.59 மில்லி. 10 மில்லி டேப்பில் அது 1.5. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் நாலு சுற்று போவதற்குள் ஒன்று மற்றதை வெட்டிக்கொண்டு போகும். மிஞ்சுவது பாதி மரை. அந்தப் பாதி மரைதான் இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

2009-இல் ஒரு பட்டறையில் ஹெட் காஸ்கெட் போட்டேன். அங்கேதான் நடந்திருக்க வேண்டும். ஸ்டட் உடைந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சரியாகச் செய்திருக்கலாம். மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. பெரியப்பா இருந்த வரைக்கும் அந்த வண்டியில் அளவு தப்பிய ஒரு நட்டு போட்டதில்லை.

21 ஜனவரி 2024

"ஒரு ஸ்டட்டுக்கு இவ்வளவு பேச்சா, நன்றாக இறுக்கினால் போதாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டட்டை ஆணியாக நினைக்காதீர்கள். அது ஒரு சுருள்வில். நட்டை இறுக்கும்போது ஸ்டட் மேல்நோக்கி இழுபட்டு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த விசைதான் ஹெட்டைக் காஸ்கெட்டின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த அளவு ஸ்டட் நீள்வது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான், ஆனால் ஒரு ஸ்டட்டின் பிடி ஏறக்குறைய மூன்று டன். இஞ்சின் சூடாகி ஹெட் விரியும்போதும் ஆறிச் சுருங்கும்போதும் அந்த நீட்சிதான் பிடியை விடாமல் வைத்திருக்கிறது.

எல்லை தாண்டி இழுபட்ட ஸ்டட் திரும்பச் சுருங்காது. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு புது நட்டை எடுத்து விரலாலேயே மரையில் கீழ்வரை ஓட்டுங்கள். ஒரே சீராக இறங்கினால் ஸ்டட் நல்லது. நடுவில் ஓரிடத்தில் பிடித்தால் அங்கே மரை நீண்டு இடைவெளி மாறிவிட்டது. என் எட்டில் இரண்டு பிடித்தது.

அப்புறம் இந்த டார்க் ரென்ச். அது நேரடியாகப் பிடியை அளப்பதில்லை, திருப்புகிற முயற்சியை அளக்கிறது. அந்த முயற்சியில் பாதி நட்டின் அடி உரசலில் போகிறது, மீதியில் பெரும்பகுதி மரை உரசலில். ஸ்டட்டை நீட்டுவதற்குக் கிடைப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு. மரையில் துரு இருந்தால் ரென்ச் 'டக்' என்று சொல்லிவிடும், பிடி மட்டும் வந்திருக்காது. அதனால்தான் சுத்தமும் எண்ணெயும் முக்கியம் என்கிறேன். வாஷரையும் பாருங்கள். மைனரில் இருக்கிற ஏ-சீரிஸ் இஞ்சினில் தடித்த வாஷர் வரும், பழசானால் தட்டுபோலக் குழிந்திருக்கும். குழிந்ததைத் தூக்கிப் போடுங்கள். இறுக்கம் 50 அடி-பவுண்ட்.

23 ஜனவரி 2024, திருத்தம்

மேலே 50 என்று எழுதியது தப்பு. ஈப்போவிலிருந்து ஒரு ஐயா சுட்டிக்காட்டினார், அவர் சொன்னதுதான் சரி. பழைய சாதாரண ஸ்டட்டுக்கு 40 அடி-பவுண்ட். மேல் நுனியில் 22 என்று முத்திரை குத்தியிருந்தால், அல்லது நுனியில் சின்னத் துளைக் குழி இருந்தால், அது பின்னால் வந்த பலமான ஸ்டட், அதற்குத்தான் 50. பழைய ஸ்டட்டை 50-க்கு இறுக்கியவர்களால்தான் ப்ளாக்கில் மேடு எழும்புகிறது. நான் எழுதியதைப் பார்த்து யாராவது இறுக்கியிருந்தால் உடனே சொல்லுங்கள்.

நம் ஊர் ரென்ச்சுகளில் நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். 40 என்பது 54 நியூட்டன் மீட்டர், 50 என்பது 68. கிலோகிராம்-மீட்டர் கணக்கில் என்றால் 40-க்கு ஐந்தரை. இதைச் சுவரில் எழுதி வைத்துவிட்டேன்.

27 ஜனவரி 2024

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய்வந்தேன், இரண்டு நாள் கால்வலி. அதற்குள் இங்கே இருபது பதில்.

புது ஸ்டட் செட்டுக்கு இங்கிலாந்தில் சொல்லியாகிவிட்டது. நான்கு நீளம், ஐந்து குட்டை, நட்டும் வாஷரும் சேர்த்து. 2024 ஜனவரி 1 முதல் மலேசியாவில், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருளுக்கும் பத்து விழுக்காடு வரி வந்துவிட்டது, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட்வேர் கடையில் முழு நீள மரைக்கம்பி வாங்கி அறுத்துப் போடலாமே என்று கேட்டவருக்கு: வேண்டாம். அந்தக் கம்பி கூரைக்கும் குழாய்க்கும் செய்தது, இரும்பு மிருது. மூன்று டன்னில் நீண்டுகொண்டே போகும். தவிர, நல்ல ஸ்டட்டின் இரண்டு முனையும் வேறு வேறு மரை. வார்ப்பிரும்புக்குள் போகும் அடி முனை பெரிய மரை, யு.என்.சி. நட்டு ஏறும் மேல் முனை நுண்மரை, யு.என்.எஃப், இன்ச்சுக்கு 24. வார்ப்பிரும்பு பலவீனமானது, அதில் மரை தடித்திருந்தால்தான் பிய்யாது. செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

8 பிப்ரவரி 2024

ப்ளாக்கில் கெட்டுப்போன அந்தத் துளையைப் பற்றி. பெரிதாகத் துளைத்து 7/16 இன்ச் ஸ்டட் போடலாம் என்றார் ஒருவர். ஹெட்டின் துளையையும் பெரிதாக்க வேண்டும், ஒரு இடத்தில் மட்டும் பிடி மாறும். எனக்குச் சம்மதமில்லை. ஹெலிகாயில் போடுவதாக முடிவு. பழைய துளையைச் சுமார் 9.9 மில்லிக்குத் துளைத்து, ஹெலிகாயிலுக்கு உரிய டேப்பால் பெரிய மரை வெட்டி, அதற்குள் எஃகுச் சுருளை இறக்கினால் உள்ளே மறுபடி அசல் 3/8 யு.என்.சி மரை கிடைத்துவிடும். 10 மில்லி டேப் கெடுத்த இடம் அந்தப் பெரிய மரைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. துளை செங்குத்தாக இறங்க வேண்டும், கையில் பிடித்த டிரில்லில் நான் முயல மாட்டேன்.

ஜெலுத்தோங்கில் எனக்குத் தெரிந்த தவுக்கே (சீன முதலாளி) ஒருவர் மெஷின் பட்டறை வைத்திருக்கிறார். போய்க் கேட்டால், நாளை மறுநாள் சீனப் பெருநாள், பதினைந்து நாள் கழித்து வா என்றார். இரண்டு ஆரஞ்சு கொடுத்து அனுப்பினார்.

10 பிப்ரவரி 2024

சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு பழைய நினைவு. பெரியப்பா இந்த வண்டியைத் தீவுக்குக் கொண்டுவரும்போது பட்டர்வொர்த்தில் ஃபெர்ரியில்தான் ஏற்றுவார். இஞ்சினை அணைத்துவிட்டு, போனெட்டைத் திறந்து வைத்து, அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷக் கடல்காற்றில் ஆறவிடுவார். தண்ணீர் சூட்டைக் காட்டும் மீட்டர் மைனரில் கிடையாது, அவருக்கு மூக்குதான் மீட்டர். இப்போது ஃபெர்ரியில் கார் ஏற்றுவதில்லை, 2021-இலிருந்து மோட்டார் சைக்கிளும் ஆளும்தான். மைனர் பாலத்தில்தான் போக வேண்டும், அந்த ஏற்றத்தில் லோரிகளுக்கு நடுவே.

25 பிப்ரவரி 2024

பட்டறை வேலை முடிந்துவிட்டது. ப்ளாக்கை வண்டியிலிருந்து இறக்கவில்லை, தவுக்கேயின் மகன் காந்தத்தில் ஒட்டி நிற்கும் டிரில்லோடு வீட்டுக்கே வந்தார். முதலில் தட்டையான அரத்தால் அந்த மேட்டைத் தேய்த்தார். நீலச் சாயம் பூசிய எஃகுப் பலகையை மேலே வைத்து எடுப்பார், சாயம் ஒட்டிய இடத்தில் மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடி சாயம், மறுபடி இரண்டு இழுப்பு. ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி வேலை செய்கிற பையனைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

பிறகு ஒன்பது துளையின் வாயையும் லேசாகச் சரிவாக வெட்டினார். இது முக்கியம், இந்தச் சரிவு இல்லாததால்தான் மேல் மரை மேடாக எழும்புகிறது. வாய் சரிந்திருந்தால் மரை முகத்துக்குக் கீழே தொடங்கும், இழுபட்டாலும் முகத்தைத் தொடாது. ஹெலிகாயில் இறங்கியது. ஹெட்டின் முகத்தையும் லேசாகச் சீவி வாங்கிக்கொண்டேன். இப்போது கோலின் அடியில் 0.05 எங்கேயும் நுழையவில்லை.

2 மார்ச் 2024

ஹெட் ஏறியது. மெதுவாகச் சொல்கிறேன், இந்தப் பகுதியில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

துளைகளில் அடிவரை போகும் டேப்பைக் கையால் ஓட்டி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதினேன். வாயிலிருந்து குழாயால் ஊதாதீர்கள், கண்ணில் தெறிக்கும். நான் தொட்ட துளைகள் எல்லாம் அடி மூடியவை. அதற்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கும்போது ஸ்டட்டை முடுக்கினால், திரவம் நசுங்காமல் ப்ளாக்கையே பிளந்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு எடுத்தேன், காய்ந்து வந்தது.

புது ஸ்டட்டின் அடி மரையில் ஒரு சொட்டு எண்ணெய். விரலால் முடுக்கி, அடியைத் தொட்டதும் ஒரு சின்ன நெருக்கு, அவ்வளவுதான். இரண்டு நட்டு பூட்டி ஸ்பானரால் இறுக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மரை முடிகிற இடத்துத் தண்டு துளையின் வாயில் ஆப்புபோல நெருக்கி, மறுபடி அதே மேட்டைக் கிளப்பும். பிடி நட்டிலிருந்து வர வேண்டும், அடியிலிருந்து அல்ல.

காஸ்கெட்டில் மேல் பக்கம், முன் பக்கம் என்று இரண்டும் குத்தியிருக்கும், வாசித்துவிட்டுப் போடுங்கள். ஹெட்டை இரண்டு பேர் பிடித்து நேராக இறக்கினோம். சாய்த்து இறக்கினால் ஸ்டட் மரையில் உரசும்.

மரையிலும் வாஷரிலும் எண்ணெய் தடவி நட்டு எல்லாவற்றையும் விரலால் இறக்கினேன். இந்தச் செட்டின் நுனியில் 22 முத்திரை இருக்கிறது, செய்தவரின் தாளும் 50 என்கிறது. ஆனாலும் என் ப்ளாக்கில் ஒரு துளை சுருளில் நிற்கிறது, மற்ற எட்டும் அறுபது வருஷ மரை. அதனால் 45-இல் நிறுத்தினேன், 61 நியூட்டன் மீட்டர். என் சொந்த முடிவு, பிறகு மறுபடி பார்ப்பேன். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி, முதல் சுற்று 20, அடுத்து 30, 40, கடைசியில் 45.

ஹெலிகாயில் துளைக்கு வந்தபோது கை வியர்த்துவிட்டது. ரென்ச்சை இழுக்கிறேன், கைப்பிடியின் கனம் மற்ற நட்டுகளில் எப்படி ஏறியதோ அப்படியே ஏறுகிறது. நழுவவில்லை. 'டக்'. மைத்துனர் ஒன்றும் பேசாமல் போய்த் தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக்கொண்டு வந்தார்.

வால்வு இடைவெளி 0.012 இன்ச், இஞ்சின் ஆறியிருக்கும்போது. எந்த வால்வை எப்போது என்று குழம்புபவர்களுக்கு ஒன்பது கணக்கு: எட்டாம் வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றைச் சரிசெய்யுங்கள், ஏழு திறந்திருக்கும்போது இரண்டை, கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

3 மார்ச் 2024

அழுத்தம்: 150, 148, 150, 152.

17 மார்ச் 2024

கிள்ளான் தம்பி, உங்கள் செய்தி பார்த்தேன். ப்ளாக் தட்டையாக இருந்தது, எட்டு ஸ்டட் நன்றாக இருந்தது, ஒன்று மட்டும் நட்டு பிடித்தது, அதை மட்டும் மாற்றினேன் என்கிறீர்கள். நல்ல முடிவு. ஒன்பதையும் மாற்றித்தான் தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் வண்டியில் இரண்டு முறை சூடாக்கி ஆறவிட்டு நேற்று மறுபடி இறுக்கிப் பார்த்தேன். இரவு முழுக்க ஆறிய இஞ்சினில்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு நட்டாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, மறுபடி 45-க்குக் கொண்டுவர வேண்டும். தளர்த்தாமல் அப்படியே ரென்ச்சை வைத்தால் நின்றுபோன உரசலைத்தான் அளக்கும். புதுக் காஸ்கெட் அமுங்கியதால் ஏழு நட்டு கொஞ்சம் கூடுதலாகப் போனது. அதன் பிறகு வால்வு இடைவெளியும் குறைந்திருந்தது, திரும்ப வைத்தேன். ஹெட் இறங்கினால் ராக்கரும் இறங்கும், இதை மறந்துவிடாதீர்கள். 500 மைலில் இன்னொரு முறை.

சுருள் போட்ட ஸ்டட்டின் நட்டு மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் நகர்ந்தது. அந்த மரைதான் இப்போது இஞ்சினிலேயே பலமானது என்று நினைக்கிறேன். 50-க்குப் போவதா என்று யோசித்தேன். 45-லேயே விட்டுவிட்டேன்.

12 மே 2024

துருப்பிடிக்காத எஃகு ஸ்டட் பளபளவென்று இருக்கிறதே, போடலாமா என்று சிரம்பானிலிருந்து கேள்வி. கடையில் கிடைக்கும் சாதாரண வகை ஹெட்டுக்கு ஆகாது. பலம் குறைவு, சூட்டில் வார்ப்பிரும்பைவிட அதிகமாக விரியும், அதனால் இஞ்சின் சூடாகும்போது பிடி தளரும். நட்டோடு உரசிப் பூட்டிக்கொள்ளும் குணமும் உண்டு, கழற்றும்போது அறுக்கத்தான் வேண்டும். ராக்கர் மூடிக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

3 நவம்பர் 2024

தீபாவளிக்குப் பெரியம்மாவைப் பார்க்க நிபோங் தெபால் போய்வந்தோம், மைனரிலேயே. பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 40 மைல் வேகம் விடாமல் ஏறியது. பெரியம்மா வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, "உங்க பெரியப்பா வர்ற மாதிரியே இருக்கு" என்றார். போனெட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். ராக்கர் மூடியைத் தொட்டுவிட்டு, சுடுகிறது என்று கையை எடுத்துக்கொண்டார்.

இன்று காலை ஆறிய இஞ்சினில் அழுத்தம் பார்த்தேன். 150, 148, 149, 152. மார்ச்சுக்கும் இதற்கும் நடுவே 1,900 மைல். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எண்ணெய்க் கசிவோ தண்ணீர்க் கசிவோ இல்லை. பழைய எட்டு ஸ்டட்டில் நல்லதாக இருந்த ஆறை எண்ணெய் தடவிச் சுருட்டி வைத்திருக்கிறேன், நான்கு குட்டை, இரண்டு நீளம். மைனர் வைத்திருப்பவர் யாருக்காவது ஒன்று உடைந்துவிட்டால் கேளுங்கள், தபாலில் அனுப்புகிறேன். அந்த 10 மில்லி கம்பியை மட்டும் தர மாட்டேன், அது என் மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.